மூக்கை நம்பிய ராத்திரி

வள்ளூர், மீஞ்சூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் மறக்காது. முதல் வாரம் மிக்ஜாம் புயல், அடுத்து முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசிவு. 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி இன்னொன்று.

எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். 40 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலில் அளந்தபோது, காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அமோனியா. அனுமதிக்கப்பட்ட அளவு 400. ஆனால் ராத்திரி ஜனங்களை எழுப்பியது அந்தக் கணக்கு இல்லை, மூக்குதான்.

அமோனியாவுக்கு நெடி உண்டு, தப்பினார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து நிற்பவர்தான் விழுவார். அதனால்தான் இங்கிலாந்துச் சுரங்கங்களில் 1980-கள் வரை கூண்டில் கேனரிக் குருவி வைத்திருந்தார்கள். பிறகு அந்த வேலைக்கு மின்னணுக் கருவி வந்தது.

1984 போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான ஆலைகள் சுற்றுவட்டார மக்களுக்கும் அபாயத்தைச் சொல்லியாக வேண்டும் என்றார்கள். 36 வருஷம் கழித்தும் பெரியகுப்பத்துக்கு முதலில் சொன்னது காற்றுதான்.

கருவியின் அலாரம் மதிலுக்குள் ஒலித்தால் போதாது. குப்பத்தில் தூங்குகிறவர் காதிலும் விழ வேண்டும்.