விரலால் வாசித்தல்: புடைப்பெழுத்தின் வரலாறு

பார்வையற்றோர்க்கென முதன்முதல் நூல் அச்சிட்டவர்கள் பார்வையுடையோரே. 1785-ல் பாரிசில் பார்வையற்ற சிறுவர்க்குப் பள்ளி நிறுவிய வாலன்டின் ஹாவீ, ஈரமாக்கிய கனத்த தாளைப் பெரிய அச்செழுத்துகளின்மீது அழுத்தி, எழுத்துகளைப் புடைத்தெழச் செய்தார். அவை கண்ணுடையோர் வாசிக்கும் ரோம எழுத்துகளே. பார்வையற்றோர் வாசிக்க வல்லவர் என உலகிற்கு மெய்ப்பித்த பெருமை அவரைச் சாரும். எனினும், வளைவும் நெளிவுமான அவ்வெழுத்துகளை விரல் மெல்லத் தடவியே அறிய வேண்டியிருந்தது; நூல்கள் பருத்தன; மாணவர் அவ்வெழுத்தில் தாமே எழுதுவது அரிதாயிற்று.

திருமறையைப் பார்வையற்றோர் கையில் சேர்க்கும் ஆர்வம் பிரித்தானியாவில் இம்முயற்சியை வளர்த்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் கால் 1827-ல் கோணவடிவ எழுத்துகளில் நூல் அச்சிட்டார். கிளாஸ்கோவில் ஜான் ஆல்ஸ்டன் 1840-ல் திருமறை முழுவதையும் 19 தொகுதிகளாக ரோமப் புடைப்பெழுத்தில் வெளியிட்டு முடித்தார். பார்வையிழந்தவரான பிரைட்டன் நகர வில்லியம் மூன் 1845-ல் எளிய கோட்டெழுத்தை அமைத்தார். முதுமையில் பார்வையிழந்தோர்க்கு அது எளிதிற் பயிலத்தக்கது. ஆனால், ஒரு முறையைக் கற்றவர் மற்றொரு முறையின் நூலை வாசிக்க இயலவில்லை.

இதற்கிடையே, ஹாவீ நிறுவிய பள்ளியின் மாணவரான லூயி பிரெயில், சார்ல் பார்பியே வகுத்த பன்னிரு புள்ளி முறையைச் சுருக்கி, 1824-ல், தம் பதினைந்தாம் வயதில், ஆறு புள்ளி முறையை அமைத்தார். 1829-ல் அதனை நூலாக வெளியிட்டார். ஆறு புள்ளிகளும் ஒரே விரல்நுனியில் அடங்கும். அவற்றால் 63 குறிகள் ஆகும். சட்டமும் ஊசியும் இருந்தால் பார்வையற்றவர் தாமே எழுதலாம். ஆயினும் இக்குறிகள் பார்வையுடைய ஆசிரியர்க்கு அந்நியமாய்த் தோன்றின. 1840-க்குப்பின் அப்பள்ளியிலேயே இம்முறை சில காலம் விலக்கப்பட்டது; மாணவரோ மறைவில் அதனைக் கைக்கொண்டனர். பிரெயில் 1852-ல் மறைந்தார். 1854-ல் பிரெஞ்சு அரசு அம்முறையை ஏற்றது.

பிரித்தானியாவில் தீர்ப்பு எவ்வாறு எய்தப்பட்டது என்பது நம் கவனத்திற்குரியது. பார்வை மங்கிய மருத்துவரான தாமஸ் ஆர்மிட்டேஜ் 1868-ல் ஒரு சங்கம் அமைத்தார். அதன் குழுவில் பார்வையற்றோர் மட்டுமே இடம்பெற்றனர். அவர்கள் குறைந்தது மூன்று முறைகளை அறிந்தவராகவும், எம்முறையிலும் பணலாபம் அற்றவராகவும் இருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. அவர்கள் ஆராய்ந்து தெரிந்துகொண்டது பிரெயில் முறையையே.

இந்தியாவிலும் பல பிரெயில் முறைகள் வழங்கிவந்தன. 1951-ல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை உருவாயிற்று. அதன்படி தமிழ்க் ககரத்திற்கும் இந்திக் ககரத்திற்கும் குறி ஒன்றே.

ஹாவீயும் காலும் ஆல்ஸ்டனும் அன்பில் குறைந்தவர் அல்லர். எழுத்து எவ்வாறிருத்தல் வேண்டும் என்பதைத் தம் கண்ணைக்கொண்டு முடிவுசெய்தமையே அவர்கள் முயற்சியின் எல்லை. பார்வையற்றோர்க்கெனப் பாட்டுநூலோ வழிபாட்டு நூலோ ஆயத்தம் செய்யும் திருச்சபை, விரலால் வாசிப்போரைத் தொடக்கத்திலேயே ஆலோசனைக் குழுவில் அமர்த்துதல் நலம். நூல் முடிந்தபின் அவர்களிடம் நன்றியை மட்டும் எதிர்நோக்குதல் நம் ஊழியத்திற்கு ஏற்றதன்று.