பெரிய மேளம்

சிதம்பரத்தில் கல்யாண வீட்டில் ‘மேளம் வந்தாச்சா?’ என்று கேட்டால், வந்து இறங்க வேண்டியது தவில் மட்டுமல்ல. நாகஸ்வரம், சுருதி பிடிக்கும் ஒத்து, தாளம் எல்லாமும்தான். சொல்லின் பழம்பொருள் இங்கேதான் உயிரோடிருக்கிறது. வடமொழியில் ‘மேள’ என்றால் சேர்க்கை, கூட்டம். கும்பமேளாவும் இந்த வேரில் பிறந்ததே. கருவியின் பெயராகச் சுருங்கியது பிற்பாடு.

இந்தக் கூட்டத்துக்குத்தான் பெரிய மேளம் என்று பெயர். மேல்நாட்டு நடன அரங்குகளில் ஜோடி ஜோடியாக ஆட வைத்த ‘பிக் பேண்ட்’டைத் தமிழாக்கினாலும் இதுதான் வரும்! ஆனால் நம்மிடம் ஆட்டம் சின்ன மேளத்தின் பங்கு: நட்டுவனார், சதிராடும் பெண், மிருதங்கம், முகவீணை. முகவீணையின் இடத்தைப் பிறகு கிளாரினெட் பிடித்தது. அது வெள்ளைக்காரன் பேண்டிலிருந்து வந்த குழல். சின்ன மேளம் கடல் தாண்டி யாழ்ப்பாணக் கோயில் திருவிழாக்களுக்கும் போனது; ஆறுமுக நாவலர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். தமிழகத்தில் 1947ஆம் ஆண்டு தேவதாசி ஒழிப்புச் சட்டத்தோடு கோயில் சதிர் நின்றது, பெயரும் மங்கியது.

பெரிய மேளம் நிலைத்தது. மார்கழித் திருவாதிரையில் நடராஜர் புறப்படும்போது தவில்காரரின் வலக்கையைப் பாருங்கள்: விரல்களில் பசை தோய்த்துக் காயவைத்த துணிக்கூடு, இடக்கையில் குச்சி. புறப்பாட்டு இசையான மல்லாரி தொடங்கியதும் சாமி தூக்குபவர்களின் தோள் அந்தத் தாளத்துக்கு அசைகிறது. ஆடுவது சாமிதான்.