மாவுச்சத்துக் குறைந்த ஆப்பிள் சுவை இனிப்பு: நீரிழிவு நோயாளர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கம்

ஆப்பிள் பை போன்ற சுட்ட இனிப்புகளில் இரத்தச் சர்க்கரையை மிகுதியாக உயர்த்துவன மைதாவும் சேர்க்கப்படும் சர்க்கரையுமே. கடைகளில் கிடைக்கும் ஆப்பிள் பையின் 125 கிராம் துண்டொன்றில் ஏறத்தாழ 43 கிராம் மாவுச்சத்து உள்ளது. 100 கிராம் ஆப்பிளிலோ சுமார் 14 கிராம் மட்டுமே. எனவே, சிறிய ஆப்பிள் ஒன்றைத் தோலுடன் உண்பது நீரிழிவு உள்ள பெரும்பாலோருக்கு விலக்கப்பட்டதன்று. மாற்றப்பட வேண்டியது முதன்மையாக மேல்மாவே.

ஆப்பிளுக்கு மாற்றாகச் சௌசௌ

மாவுச்சத்தை மேலும் குறைக்க விரும்புவோர் சௌசௌவைப் பயன்படுத்தலாம். இதில் 100 கிராமுக்குச் சுமார் 4.5 கிராம் மாவுச்சத்தே உள்ளது. தனக்கென வலுவான சுவை இல்லாமையே இங்கு இதன் சிறப்பு. ஆப்பிளின் புளிப்பு மாலிக் அமிலத்தால் உண்டாவது; அதனை எலுமிச்சைச் சாறு ஓரளவு ஈடுசெய்யும். பட்டையும் வெண்ணெயும் சேரும்போது சுட்ட ஆப்பிளின் மணம் கிட்டும். ஆஸ்திரேலிய இல்லங்களில் இக்காய் ‘சோக்கோ’ என்ற பெயரில் ஆப்பிளுக்கு மாற்றாகப் பயன்பட்டு வந்துள்ளது.

செய்முறை (6 பேருக்கு)

தோல் நீக்கிய 400 கிராம் சௌசௌவை மெல்லிய வில்லைகளாக நறுக்கவும். இதன் பால் கையில் ஒட்டி உலரும் என்பதால் நீருக்குள் வைத்துத் தோலை உரிப்பது நன்று. 20 கிராம் வெண்ணெயில் வில்லைகளை மூடி வேகவிட்டு, கண்ணாடி போலானதும் 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 1 தேக்கரண்டி பட்டைத்தூள், சிறிது ஜாதிக்காய்த்தூள், தேவையான அளவு சுக்ரலோஸ் அல்லது ஸ்டீவியா சேர்க்கவும். (அஸ்பார்டேம் வெப்பத்தில் இனிப்பை இழக்கும்.) 100 கிராம் பாதாம் மாவு, 30 கிராம் வெண்ணெய், சிட்டிகை உப்பு ஆகியவற்றை உதிரியாகப் பிசறி மேலே தூவி, 170 டிகிரி செல்சியசில் 20 முதல் 25 நிமிடம் வரை சுடவும். ஒரு பங்கில் ஏறத்தாழ 7 கிராம் மாவுச்சத்தும் 170 கிலோகலோரியும் இருக்கும். மாவுச்சத்துக் குறைவெனினும் கொழுப்பு குறைவன்று. ஆகவே ஒரு பங்கே போதும்.

கவனிக்க வேண்டியவை

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை பெறுவோர், உணவுக்குப் பதிலாக இதனை உண்டால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். நடுக்கம், வியர்வை, குழப்பம் தோன்றினாலோ, அளவு 70 மி.கி./டெ.லி.க்குக் கீழ் இறங்கினாலோ இந்த இனிப்பைத் தரக்கூடாது. இதிலுள்ள மாவுச்சத்து மிகக் குறைவு. கொழுப்போ அது செரிப்பதைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவிடவும். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதையும் புகட்டாமல் 108 அவசர ஊர்தியை அழைக்கவும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்து பெறுவோர் மருத்துவரைக் கேளாமல் அன்றாட உணவில் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கலாகாது. இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் ஆபத்து உண்டு. பாதாமில் பொட்டாசியமும் பாஸ்பரசும் மிகுதி. சிறுநீரக நோய் உள்ளோர் உணவியல் வல்லுநரின் ஒப்புதலுக்குப் பின்னரே இதனை உண்ண வேண்டும். பாதாம் ஒவ்வாமை உள்ளோர் முற்றிலும் தவிர்க்கவும்.