பாட்டு ஊருக்கு, பேர் யாருக்கு?

வங்காளப் பாட்டு என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு ரவீந்திர சங்கீதம்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் விவரமானவர்கள் பாவுல் பாட்டு என்பார்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது இரண்டும் இல்லை. 'பொரொலோகேர் பிட்டி லோ' என்று ஒரு நாட்டுப்பாட்டு. 'பெரிய வீட்டுப் பெண்ணே' என்று நம் வழக்கில் சொல்லலாம். இங்கே கல்யாண வீடு, பூஜைப் பந்தல் எதுவானாலும் இந்தப் பாட்டு இல்லாமல் நடக்காது.

எழுதி மெட்டுப் போட்டவர் ரத்தன் காஹர். கல்கத்தாவிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பீர்பூம் மாவட்டத்து சியூரிக்காரர். பாது, டுசு, ஜுமுர் என்று அந்தச் செம்மண் சீமைப் பாட்டுகளைப் பாடியவர். வயிற்றுப் பிழைப்புக்கு பீடி சுற்றியிருக்கிறார். 1972-ல் இந்தப் பாட்டை எழுதினார்.

பாட்டு பிறந்த கதையை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்த ஒரு பெண், தன் மகளுக்குத் தலை வாரிக்கொண்டே பேசுகிறாள். குழந்தையின் அப்பா பெரிய பணக்காரர். ஆனால் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்ல மாட்டார். ஆக, 'பெரிய வீட்டுப் பெண்' என்பது வெறும் வர்ணனை இல்லை. அப்பன் பேர் கிடைக்காத ஒரு குழந்தையைப் பற்றிய பாட்டு அது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1976-ல் ஸ்வப்னா சக்ரவர்த்தி பாடி இசைத்தட்டு வந்தது. வங்காளமெங்கும் பிய்த்துக்கொண்டு ஓடியது. பாட்டு பரவப் பரவ, எழுதியவர் பேர் மறைந்துகொண்டே வந்தது. பிறகு வந்த பல பதிவுகளில் 'நாட்டுப்புறப் பாடல்', 'பாரம்பரியம்' என்று மட்டும் போட்டார்கள். அப்பன் பேர் இல்லாத குழந்தையின் பாட்டுக்கும் அப்பன் பேர் இல்லாமல் போனது!

அடுத்த கட்டம் 2020. மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. மறுநாளே பாட்ஷாவின் 'கேந்தா பூல்' யூடியூபில் வெளியானது. ராப் நடுவே, பாயல் தேவ் குரலில் இந்த வங்காள வரிகள். படத்தில் ஜாக்குலின் பெர்னாண்டஸ். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். எங்கள் கிடர்பூரில் துறைமுகத்து லாரிச் சத்தம் குறைந்து போய், அடுக்குமாடி ஜன்னல்களில் இந்தப் பாட்டுதான் கேட்டது. சில நாளிலேயே கோடிக்கணக்கான பார்வைகள். ரத்தன் காஹர் பேர் மட்டும் எங்கேயும் இல்லை.

வங்காளிகள் சும்மா விடுவார்களா? இணையத்தில் பெரிய சண்டை. பாட்ஷா விளக்கம் கொடுத்தார்: பழைய பதிவுகளில் எழுதியவர் பேரே இல்லை, பாரம்பரியப் பாட்டு என்றுதான் இருந்தது என்றார். ஏப்ரலில் ரத்தன் காஹருக்கு 5 லட்சம் ரூபாய் அனுப்பினார். விளக்கத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. எனக்குப் பிரச்சினையே அங்கேதான். பேரேட்டில் முதல் பதிவு தப்பாக இருந்தால், பின்னால் வருகிற ஒவ்வொருவரும் நல்ல எண்ணத்தோடேயே அதே தப்பைச் செய்யலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் வாழ்நாள் முழுக்கவும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. பதிவு செய்தே ஆகவேண்டும் என்றுகூடக் கிடையாது. 1972-ல் எழுதிய பாட்டு, 2020-ல் எழுதியவர் உயிரோடு இருக்கும்போது எப்படிப் பொதுச்சொத்தாகும்? பேங்கில் 10 வருஷம் யாரும் தொடாத டெபாசிட் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் கணக்கில் பேர் இருக்கும். வாரிசு வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். 'பாரம்பரியம்' என்று எழுதிவிட்டால் யார் வந்து எதைக் கேட்பது?

இது நம் நாட்டு வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் கன்ட்ரி இசைக்கு பில்போர்டு பத்திரிகை 1944-ல் முதன்முதலில் பட்டியல் போட்டபோது, அதன் தலைப்பிலேயே 'நாட்டுப்புற இசைத்தட்டுகள்' என்றுதான் இருந்தது. 1958-ல் கிங்ஸ்டன் ட்ரியோ பாடிய 'டாம் டூலி' அதே பத்திரிகையின் பொதுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1866-ல் நடந்த ஒரு கொலையைப் பற்றிய கதைப்பாட்டு. கன்ட்ரி பிரிவில் கிராமி விருதும் வாங்கியது. அந்த வடிவம் வெளியுலகுக்கு வந்தது வட கரோலினா விவசாயி ஃபிராங்க் ப்ராஃபிட் வாயிலிருந்து. தன் வீட்டுப் பாட்டை அவர் டிவியில் கேட்கவேண்டி வந்தது. வழக்கு நடந்து, 1962-க்குப் பிறகுதான் ராயல்டியில் பங்கு கிடைத்தது.

ஹிட் பட்டியல் எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணும். யார் பெற்றது என்று எண்ணாது. பாட்டு பிரபலமாக ஆக, 'இது எல்லோருடைய பாட்டு' என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பாட்டுக்கு அது பெருமை. எழுதியவருக்கு நஷ்டம்.

2024 ஜனவரியில் ரத்தன் காஹருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எழுதி 52 வருஷம் கழித்து, அரசாங்கப் பட்டியலில் அவர் பேர் ஏறியது. சந்தோஷம்தான். ஆனால் அந்த 52 வருஷத்து வசூலுக்கு யார் கணக்குச் சொல்வது?

நம் பக்கத்தில் நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பாட்டுகளுக்குக் கீழே சேகரித்தவர் இன்னார், இடம் இன்ன ஊர் என்று போட்டிருக்கும். பல இடங்களில் உதவியவர் பேரும் இருக்கும். சின்ன எழுத்தில் ஒரு வரிதான். பீர்பூம் பாட்டுக்கு அந்த ஒரு வரி விட்டுப்போனதால்தான் இத்தனை வம்பு.

ஊருக்குப் போகும்போது அப்பத்தாவின் ஒப்பாரியையோ தாலாட்டையோ செல்போனில் பதிவு செய்கிறீர்களா? பாட்டு ஆரம்பிக்கும் முன் அவர் பேர், ஊர், தேதி மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பத்து விநாடி வேலை.