தொட்டியில் கண்டதும் கடலில் கண்டதும்

1964 டிசம்பர்ப் புயல் விட்டுச் சென்ற தனுஷ்கோடியில், கூரை இழந்து நிற்கும் தேவாலயத்தின் சுவரருகே சென்று, மாலை வெயில் சாய்வாக விழும் வேளையில் கல்லை உற்றுப் பார்ப்பவருக்கு, அது மலையில் வெட்டிய கல் அன்று என்பது உடனே புலப்படும். ஊசி முனையால் கீறினாற்போன்ற நட்சத்திரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் அதன் முகமெங்கும் பதிந்திருக்கின்றன. ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு காலத்தில் ஒரு பிராணி குடியிருந்த அறை. முருகைக்கல் என்று கரையோர மக்கள் சொல்லும் இதனைக் கடலிலிருந்து பெயர்த்து வந்து சுவர் எழுப்பியதும், சூளையிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியதும் நெடுங்காலம் நடந்த தொழில்கள். ஆகவே மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை ஜீவன்களை நிலத்து மக்கள் முதன்முதலில் சந்தித்தது உயிருள்ள பிராணிகளாக அன்று, வீட்டுச் சுவராகத்தான்.

உயிரோடு பார்த்தவர்கள் வேறு. சங்கு குளிக்கும் குளியாட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு ஆறு, ஏழு பாகம் ஆழத்தில் இறங்கியபோது அவர்கள் கண்ணெதிரே விரிந்த உலகம், பின்னாளில் பட்டணத்துக்காரர்கள் கட்டணம் கொடுத்துப் பார்த்த உலகந்தான். கடலடியில் பாறைப்பாங்கான இடத்துக்கு அவர்கள் ‘பார்’ என்று பெயரிட்டார்கள். முத்துச் சிப்பி விளையும் இடம் முத்துப் பார். அந்தப் பார்களில் திரியும் கிளிமீனையும் களவாயையும் கிளாத்தியையும், பொந்துக்குள்ளிருந்து தலை நீட்டும் அஞ்சாலையையும், எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல், எது கடிக்கும், எது குத்தும், எது குழம்புக்கு ஆகும் என்று அறிந்திருந்தார்கள். 1961க்குப் பின் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. கடலடியைக் கண்ணால் கண்டு வளர்ந்த ஒரு பரம்பரையின் அனுபவம், எழுத்தில் ஏறாமலே பெரும்பாலும் கரைந்துபோயிற்று. இது எனக்குப் பெரிய நஷ்டமாகவே தோன்றுகிறது.

எழுத்தில் ஏற்றியவர்கள் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். 1885இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், ஜாதிகளையும் குலங்களையும் பற்றிய பெருந்தொகுதிகளால் பின்னர்ப் பெயர் பெற்றவர் எனினும், ஆரம்ப வருஷங்களில் இராமேசுவரத்துக்கும் அதை அடுத்த தீவுகளுக்கும் சென்று கடல்வாழ் பிராணிகளைத் திரட்டுவதில் மிகுந்த சிரத்தை காட்டினார். பாம்பனுக்குத் தெற்கே, கூப்பிடு தூரம் என்றே சொல்லத்தக்க அண்மையில் கிடக்கும் குருசடைத் தீவு, அவருக்குப் பின் வந்தவர்களால் பிராணிநூல் உலகில் பிரசித்தி பெற்றது. கிரேவ்லி கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், 1927இல், அத்தீவின் கரையோர ஜீவராசிகளைப் பற்றித் தனி வெளியீடு ஒன்றை அருங்காட்சியகம் பிரசுரித்தது. அதன் பின்னர்த் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விலங்கியல் பயின்ற மாணவர்களுக்குக் குருசடை யாத்திரை ஒரு தீட்சை போல ஆயிற்று. வற்றத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து, கல்லைப் புரட்டிக் கடலட்டையையும் நட்சத்திர மீனையும் எடுத்து, சாராயச் சாடியில் இட்டு, பெயர்ச் சீட்டு ஒட்டி வந்தார்கள். சாடியில் இட்ட மறுநாளே வர்ணம் போய்விடும். நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக இருந்தவை எல்லாம் வெளிறிய ஒரே மண்ணிறமாகிக் கல்லூரி அலமாரிகளில் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்துப் படித்தவர்களில் பலர், அவை எந்த நிறத்தில் வாழ்ந்தன என்பதை அறியாமலே தேர்வு எழுதித் தேறினார்கள்.

வர்ணத்தையும் அசைவையும் பட்டணத்துக்குக் கொண்டுவந்தது மெரினாக் கடற்கரையில் 1909 அக்டோபரில் திறக்கப்பட்ட மீன் காட்சிசாலை. தர்ஸ்டன் காலத்தில் உருவான யோசனை அது. இரண்டாம் உலகப் போரின்போது மூடப்படும் வரையில், கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் நின்றுகொண்டு, கடலுக்குள் இருப்பதைக் கண்ணாடி வழியே காணும் விசித்திர அனுபவத்தைச் சென்னைவாசிகளுக்கு அளித்து வந்தது. அக்காட்சிசாலையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. நிலத்தில் பிறந்து நிலத்தில் மடியும் மனிதனுக்கு, மீன் என்றால் சந்தைக் கூடையில் கிடப்பது மட்டுமன்று என்று பிரத்தியட்சமாகக் காட்டிய இடம் அது. ஆயினும் தொட்டிக்குள் வந்த மீன் தன் இடத்தை விட்டுத் தனியே வருகிறது. அது எதை அஞ்சும், எதை அண்டும், எதைத் தின்று எதற்கு இரையாகும் என்ற பந்தங்களெல்லாம் கடலிலேயே நின்றுவிடுகின்றன.

ஓர் உதாரணம் போதும். கடற்சாமந்தி என்று நூல்கள் குறிப்பிடும், பூப்போல விரிந்து நெளியும் பிராணியின் விரல்களில் நஞ்சு உண்டு; சிறு மீன் பட்டால் மடியும். அந்த விரல்களுக்கிடையே கோமாளி மீன் மாத்திரம் அச்சமின்றிக் குடும்பம் நடத்துகிறது. சாமந்தியின் அடியில் உள்ள கல்லைத் துப்புரவாக்கி முட்டையிட்ட பின், ஆண் மீன் அதைச் செட்டையால் விசிறிக் காக்கிறது. பெண் மீன் இறந்துபோனால் அந்த ஆணே பெண்ணாக மாறிக் குடும்பத் தலைமையை ஏற்கிறது. வீட்டுத் தொட்டிகளுக்காகக் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் வித்தையை மண்டபத்து மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கைவரச் செய்திருக்கிறார்கள். கடலில் பிடிப்பது அதனால் குறையுமாயின் அது புண்ணிய காரியம். கிளிமீன் கதையோ எந்தத் தொட்டிக்கும் அடங்காதது. அது அலகு போன்ற பல்லால் பாறையைக் கொறித்துப் பாசியைத் தின்று, கல்லைத் தொண்டைப் பல்லால் அரைத்து, வெண்மணலாகக் கழிக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளின் கரையில் காலடியில் நொறுங்கும் வெள்ளை மணலில் ஒரு பங்கு அந்த மீனின் வயிற்றைக் கடந்து வந்தது.

கடலுக்குள்ளேயே சென்று இவற்றை அவற்றின் இடத்தில் காண வேண்டும் என்ற ஆசை பழையதே. 1860களில் இலங்கைக்கு வந்த ஆஸ்திரியப் பிரபு ரான்சோனே, கண்ணாடிச் சாளரம் பொருத்திய மூழ்குமணி ஒன்றுக்குள் உட்கார்ந்து காலிக் கடலில் இறங்கி, பவளப்பாறையைப் பென்சிலால் வரைந்தார். நீருக்கடியில் இருந்தபடியே சித்திரம் தீட்டிய முதல் ஓவியர்களில் அவர் ஒருவர். 1943இல் பிரான்ஸில் குஸ்தோவும் காஞ்யானும் மூச்சுக்கருவியை உருவாக்கிய பின்னரே அந்த ஆசை சாமானியருக்கும் எட்டியது.

அது எட்டிய அதே தலைமுறையில்தான் இங்கே பாறைகள் வண்டி வண்டியாக வெட்டப்பட்டன. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் முருகைக்கல் தோண்டியதன் பலனாக, தூத்துக்குடிக்கு அருகே விலாங்குசல்லித் தீவும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவும் நீருக்குள் அமிழ்ந்தன. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணப்படும் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986இல் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் பவளங்களும் கடலட்டையும் கடல் குதிரையும் வனவுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. சட்டத்துக்கு அடங்காத ஆபத்து கடல்நீரின் வெப்பம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் தங்களுள் வாழும் நுண்பாசியை இழந்து வெளுத்தன. சாராயச் சாடியில் நேர்ந்த அதே வெளிறல் கடலிலேயே நேர்ந்தது.

சோழகக் காற்று அடிக்கும் ஒரு மாதத்தில், இராமேசுவரத்துக்கு வடக்கே, அவ்வூரார் பெண்கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கம் கடல் அமைதியாகக் கிடந்தபோது, ஓலைக்குடாவிலிருந்து ஒரு வத்தையில் சென்றேன். முன்பு சங்கு குளித்த பெரியவர் ஒருவர் தாங்குகோலை ஊன்றி ஓர் ஆள் ஆழத்தில் நிறுத்தினார். கண்ணாடி முகமூடியை மாட்டிக்கொண்டு வத்தையின் விளிம்பைப் பற்றியபடி முகத்தை நீருக்குள் வைத்தேன்.

“கையை ஆட்டாமக் கெடங்கய்யா. அதுவா வரும்” என்றார்.

முதலில் மணல் மாத்திரம் தெரிந்தது. பிறகு மணலின்மேல் தட்டகலத்துக்கு ஒரு சாமந்தி நீவாட்டுக்கு இசைந்து சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. அதன் மடிப்புக்குள்ளிருந்து கரும்பழுப்பு உடலில் இரண்டு வெண்பட்டைகளும் மஞ்சள் வாலும் கொண்ட மீன் ஒன்று வெளிப்பட்டு, என் முகத்துக்கு நேரே ஒரு சாண் மேலெழுந்து வந்து நின்றது. விரல் நீளம் இருக்கலாம். அது ஒளிவதற்காகத் திரும்பவில்லை. என்னை விரட்டுவதற்காக வந்திருந்தது. இரண்டு முறை என்னை நோக்கிப் பாய்ந்து, பாய்ந்த வேகத்திலேயே பின்வாங்கித் தன் இடத்துக்கு மேலே காவல் நின்றது. எங்கிருந்தோ கிளிமீன் கல்லைக் கொறிக்கும் ஓசை, பக்கத்து வீட்டில் யாரோ முறுக்கைக் கடிப்பது போல, நீர் முழுவதும் பரவிக் கேட்டுக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. தோளில் பெரியவரின் கை பட்டது.

“கலங்கல் வருதுய்யா. ஏறுங்க.”

தலையைத் தூக்கு முன் ஒரு முறை பார்த்தேன். நீர் மங்கத் தொடங்கியிருந்தது. அந்த மீன் இன்னும் அங்கேயே நின்றது.