இடனறிந்த வீரம்

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து நிற்கின்றன. வலிமை இருந்து, காலமும் கைகூடிய பின்னரும், இடம் பொருந்தாவிடில் எடுத்த வினை கெடும் என்பதை இவ்வைப்பு முறையே உணர்த்தும். அரசர்க்கும் படைக்கும் உரைத்த இவ்வரிசை, ஜொகூர் மாநிலச் சாலைகளில் இளைஞர் சிலர் காட்டும் ஒரு வித்தைக்கும் பொருந்துவதைக் காணலாம். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி, பின்சக்கரம் ஒன்றினாலேயே ஓட்டிச் செல்லும் வித்தை அது. 'வீலி' என்பது அதற்கு வழங்கும் பெயர். அதற்கென ஒரு வரலாறு உண்டு. முறையான பயிற்சி உண்டு. உரிய இடமும் உண்டு. அவ்விடம் மறக்கப்படும்போது உயிர்கள் மாய்கின்றன.

இவ்வித்தை மோட்டார் சைக்கிளுக்கு முன்பே மிதிவண்டியில் பிறந்தது. 1890ஆம் ஆண்டளவில் டேனியல் கேனரி என்னும் மிதிவண்டி வித்தைக்காரர் அதனை மேடையில் காட்டினார் என்பர். பின்னர் இயந்திர வண்டிகள் பெருகியபோது, படைகளில் செய்தி கொண்டு செல்லும் வீரர்கள் சேற்றிலும் மேட்டிலும் வண்டியை அடக்கி ஓட்டக் கற்றனர். அப்பயிற்சியிலிருந்து சாகசக் குழுக்கள் தோன்றின. பிரிட்டிஷ் தகவல் தொடர்புப் படையின் 'வெண்கவசத்தார்' குழு 1927இல் தொடங்கி 2017 வரை இயங்கியது. இந்தியத் தகவல் தொடர்புப் படையின் 'டேர் டெவில்ஸ்' குழுவின் வரலாறு 1935இல் தொடங்குகிறது. 1984 ஜூன் மாதம் அமெரிக்காவின் டல்லடேகா பந்தயத் திடலில் டக் டொமோகோஸ் என்பவர் முன்சக்கரம் தரையில் படாமல் 233 கிலோமீட்டர் ஓட்டினார். 1991 மே மாதம் ஜப்பானில் யாசுயுகி குடோ, வாகன ஆய்வுக் கழகத்தின் சோதனைத் தடத்தில் 331 கிலோமீட்டர் ஓட்டி அதனை விஞ்சினார். இச்சாதனைகள் அனைத்தினூடும் ஓர் ஒற்றுமை ஓடுகிறது. அணிவகுப்பு மைதானம், பந்தயத் திடல், சோதனைத் தடம் என எல்லாமே பிறர் குறுக்கே வர இயலாத இடங்கள். பொதுச்சாலை அவற்றுள் ஒன்றன்று.

முன்சக்கரம் ஏன் உயர்கிறது? பின்சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. அவ்விசை தரைமட்டத்தில் செயல்பட, வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த ஈர்ப்பு மையமோ அதற்கு மேலே இருக்கிறது. ஆகவே முடுக்கம் மிகும்போது வண்டி பின்னோக்கிச் சாய முற்படுகிறது. எடை அதனைக் கீழே இழுக்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்யும் நிலையே சமநிலைப் புள்ளி. அதனைக் கடந்தால் வண்டி ஓட்டுநரின் மேலேயே கவிழும். அதற்கு முன் பின்பிரேக்கை மெல்ல மிதித்தால் முன்சக்கரம் இறங்கிவிடும். எனவே இவ்வித்தையின் உயிர்நாடி முடுக்கும் கையன்று. பிரேக்கை மிதிக்கும் காலே.

இதனாலேயே அறிந்த பயிற்றுநர், உயர்த்துவதைக் கற்பிக்கும் முன் இறக்குவதைக் கற்பிப்பர். வலக்கால் பிரேக்கின்மேல் நிலைத்திருக்க வேண்டும் என்பது முதற்பாடம். சமமான, அகன்ற, ஆளரவமற்ற, தடுப்புக்குள் அமைந்த திடல் இரண்டாவது தேவை. தலைக்கவசம், கையுறை, முதுகுக் காப்பு, கணுக்கால் மறைக்கும் காலணி ஆகியவை மூன்றாவது. ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் இயந்திரத்தை உடனே நிறுத்தும் கயிற்று விசையை மணிக்கட்டில் பூட்டிக்கொள்வதும் உண்டு. வண்டி முற்றிலும் கவிழாதபடி சட்டத்தில் பொருத்திய பயிற்சிக் கருவியில் சமநிலைப் புள்ளியை உடல் உணரச் செய்யும் பள்ளிகளும் வெளிநாடுகளில் உள்ளன. குறைந்த கியரில், சிறு உயரத்தில், ஒரு நொடி உயர்த்தி உடனே இறக்குவதே பல நாள் பாடம். பயிற்றுநர் இன்றித் தனியே பழகுவதை எந்த நல்லாசிரியரும் ஒப்புவதில்லை.

இத்தனை முறைகளைக் கடைப்பிடித்தாலும், சாலையில் அவை பயன்படா. முன்சக்கரம் காற்றில் நிற்கும்போது கைப்பிடியால் திசை திருப்ப இயலாது. வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன்பிரேக்கினுடையது. அது அப்போது பயனற்றுப் போகிறது. எதிரே வருவதை உயர்ந்து நிற்கும் வண்டியே மறைக்கிறது. திடலில் இக்குறைகளால் ஓட்டுநர் ஒருவருக்கே தீங்கு. சாலையிலோ, வேலை முடிந்து வீடு திரும்பும் ஓர் அன்னையும் அவற்றுக்கு விலை தர நேரும்.

ஜொகூரின் வாழ்வில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் நீரிணைப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோருள் எண்ணற்றோர் விடியுமுன் இவ்வண்டியிலேயே புறப்படுகின்றனர். ஹோண்டா நிறுவனம் 1958இல் ஜப்பானில் வெளியிட்ட 'சூப்பர் கப்' என்னும் சிறுவண்டியும் அதன் வழிவந்தவையும் மலேசியரின் நாவில் 'கப்சாய்' ஆயின. கிளட்ச் பிடி இல்லாமல் காலால் கியர் மாற்றும் அவ்வண்டி, தோட்டத் தொழிலாளி முதல் ஆசிரியர் வரை எல்லார்க்கும் உரியதாயிற்று. அதன் மறுபக்கமும் மறைக்கத்தக்கதன்று. நாட்டின் சாலை விபத்துகளில் 2016இல் மாண்டோர் 7,152 பேர். ஆண்டுதோறும் இவ்வாறு மாள்வோருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றோரே. 1973இல் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டதும், 1992இல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என விதி வந்ததும் இவ்வுயிர்களைக் காக்கவே.

பந்தய வரலாற்றிலும் ஜொகூருக்கு இடமுண்டு. 1940இல் ஜொகூர் பாருவின் பொதுச்சாலைகளையே தடமாகக் கொண்டு 'ஜொகூர் கிராண்ட் பிரிக்ஸ்' பந்தயம் நடந்தது. போருக்குப் பின்னும் அவ்வழக்கம் தொடர்ந்தது. அருகிலுள்ள சிங்கப்பூரிலும் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை பந்தயங்கள் நிகழ்ந்தன. வேகமும் நெரிசலும் பெருகப் பெருக, குடியிருப்புச் சாலை பந்தயத்துக்கு ஏற்றதன்று என்பது தெளிவாயிற்று. 1968இல் சிலாங்கூரின் பத்து தீகாவில் நிலையான திடல் திறக்கப்பட்டது. 1986இல் ஜொகூரின் பாசிர் கூடாங்கில் திடல் எழுந்தது. 1998இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸ் பந்தயமே அங்கு நடைபெற்றது. 1994இல் தொடங்கிய 'கப் பிரிக்ஸ்' போட்டி, கப்சாய் ஓட்டும் இளைஞனுக்கும் விதிமுறையோடு கூடிய மேடை அமைத்தது. அப்போட்டியில் வளர்ந்த ஹபீஸ் ஷாரின், 2018இல் உலகின் உயர்நிலைப் பிரிவில் ஓட்டிய முதல் மலேசியராகத் திகழ்ந்தார். சாலையிலிருந்து திடலுக்குச் சென்றதே இந்நாட்டுப் பந்தயத்தின் முன்னேற்றம் எனலாம்.

ஆயினும் ஒரு சாரார் திடலிலிருந்து மீண்டும் சாலைக்கே திரும்பினர். 2000க்குப் பின் 'மாட் ரெம்பிட்' என்னும் சொல் நாளேடுகளில் நிறைந்தது. நள்ளிரவில் கூட்டமாகக் கூடி, முன்சக்கரம் உயர்த்தியும், இருக்கையின்மேல் குப்புறப் படுத்தும் விரைவோர்க்கு அப்பெயர் வழங்கிற்று. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஆபத்தான ஓட்டுதலையும் அனுமதியற்ற பந்தயத்தையும் குற்றமெனக் கொள்கிறது. காவல்துறையின் சோதனைகளும் தொடர்ந்தன. ஆனால் தண்டனை ஒன்றினால் வேட்கை அடங்குவதில்லை. உரிமம் பெறும் வயதை எட்டாத சிறுவரிடத்தும் அவ்வேட்கை இறங்கிற்று. மோட்டார் கிட்டாத அவர்கள் மிதிவண்டியைத் தேர்ந்தனர். பிரேக்கைக் கழற்றி, இருக்கையையும் கைப்பிடியையும் தாழ்த்தி, படுத்தபடி விரையும் அவ்வண்டிக்குப் 'பாசிகல் லாஜாக்' என்று பெயர்.

2017 பிப்ரவரி 18ஆம் நாள் பின்னிரவு மூன்று மணியளவில், ஜொகூர் பாருவின் ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில் அத்தகைய மிதிவண்டிகளில் திரண்டிருந்த சிறுவர்மீது கார் ஒன்று மோதிற்று. எட்டுப் பேர் மாண்டனர். அவர்களின் வயது 13 முதல் 16 வரை. இடைநிலைப்பள்ளியில் பயிலும் பருவத்தினர். வழக்கு பல நீதிமன்றங்களைக் கடந்து, 2023 ஏப்ரலில் கார் ஓட்டுநரின் விடுதலையோடு முடிவுற்றது. பொறுப்பு யாருடையது என்பது சட்டத்தின் வினா. கல்வியாளர் கேட்க வேண்டிய வினா வேறு. வேகத்தை விரும்பிய அந்த எட்டுச் சிறுவர்க்கு, அதனைக் கற்க ஓர் இடத்தையும் கற்பிக்க ஓர் ஆசிரியரையும் காட்டியவர் யார்?

இடம் இருந்தாலும் அதனை நாடும் அறிவு வேண்டும் என்பதற்குத் தமிழகமே சான்று. சென்னை மோட்டார் பந்தயக் கழகம் முதலில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும், பின்னர் இருங்காட்டுக்கோட்டைத் திடலிலும் பந்தயங்களை நடத்திற்று. இருங்காட்டுக்கோட்டை, சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது. அதே நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தை அடுத்து, 2023 செப்டம்பரில் காணொலிகளால் புகழ்பெற்ற இளைஞர் ஒருவர் முன்சக்கரத்தை உயர்த்த முயன்று தூக்கி எறியப்பட்டார். பாதுகாப்பு உடை அணிந்திருந்தமையால் கைமுறிவோடு தப்பினார். கைதும் சிறையும் தொடர்ந்தன. பத்தாண்டுகளுக்கு அவரது ஓட்டுநர் உரிமம் பறிக்கப்பட்டது. திடலை ஒட்டிச் செல்லும் சாலையிலேயே, திடலுக்குரிய வித்தை இடம் மாறி நிகழ்ந்தது. அவருடைய காணொலியைக் காணும் சிறுவனிடம் அவ்விலையுயர்ந்த உடையும் இராது என்பதே பெரிய கவலை. அக்காணொலிகள் ஜொகூரின் கைப்பேசிகளுக்கும் எட்டுகின்றன.

இளமை துணிவை விரும்புவது குற்றமன்று. கலித்தொகையின் முல்லைக்கலி அத்துணிவை இழிவாகக் காணவில்லை. ஏறு தழுவிய இளைஞரைப் பாராட்டியது. ஆயின் அங்கே ஏறுகள் ஊர்த்தெருவில் அவிழ்த்து விடப்படவில்லை. தொழுவம் அமைந்திருந்தது, காண்போர்க்குத் தனியே பரண் இருந்தது. அப்போதும் குருதி சிந்தியது உண்மையே. ஆயினும் அது களம் புகுந்தவனின் குருதியே அன்றி, வழியே சென்றவரின் குருதியன்று. போர்க்களம், ஏர்க்களம், ஆடுகளம் என ஒவ்வொரு வினைக்கும் ஒரு களம் வகுத்த மொழி தமிழ்.

இன்று அக்களத்தை இளைஞர்க்குக் காட்டுவது பெற்றோர், ஆசிரியர், ஊராட்சி ஆகிய மூவர் பொறுப்பு. அடக்குமுறையால் மட்டும் இவ்வேட்கை சாலையை விட்டு நீங்காது. தடுப்புள்ள திடல், தகுந்த பயிற்றுநர், முறையான போட்டி ஆகியவை எட்டும் தொலைவில் இருந்தாலே நீங்கும். வகுப்பறையில் இடனறிதல் அதிகாரத்தை நடத்தும் ஆசிரியர், யானைக்கும் முதலைக்கும் அப்பால், மாணவன் அன்றாடம் கடக்கும் சாலையையும் சான்றாகக் காட்டலாம். ஜாலான் லிங்காரான் டாலாமில் மாண்ட சிறுவர்க்கு வலி இருந்தது; வாழும் காலம் நிறைய இருந்தது. இல்லாது போனது இடம் ஒன்றே.