எபிரேய வேதத்தின் பல குரல்கள்

யூதரின் பழைய மறையை ஒரே நூலாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அதுவோ பல நூற்றாண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்த தொகுதி. சட்டத்துக்கும் அரச வரலாற்றுக்கும் அயலிலே காதற்பாட்டும் இருக்கிறது. அதற்கு ஞானப்பொருள் கண்டது பிற்கால உரைகாரர் வேலை! எருசலேம் கி.மு. 586 அளவில் அழிந்தபின் எழுந்த ஐந்து புலம்பல்களுள் நான்கு, எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களையும் முதலெழுத்தாக நிறுத்திப் பாடப்பட்டவை.

எனினும் நம் நெஞ்சுக்கு நெருங்கியவன் ஆமோஸ். கி.மு. 8ஆம் நூற்றாண்டினன்; தெக்கோவா ஊர் மந்தைக்காரன். வடநாடு சென்று, ஒரு சோடிச் செருப்புக்காக ஏழையை விற்ற செல்வரைக் கவிதையாலே சாடினான். பெத்தேல் கோயிற் குரு அமாசியா அவனை நாட்டைவிட்டு ஓடச் சொன்னதாக அவன் பெயரிலுள்ள நூல் கூறுகிறது. குருமாரின் பலிவிதிகளைச் சொல்லும் லேவியராகமத்தைக் காத்த அதே தொகுதிதான் இந்த மந்தைக்காரனின் சொல்லையும் காத்தது.